உப்பு போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது? ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் வழி

இரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், வெள்ளரிக்காய்த் துண்டுகளில் உப்பு தூவி வைத்த தட்டில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்து "இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். உப்பு உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டது என்று நீங்கள் சொல்ல, "உப்புக்கு வாய் இருக்காம்மா?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் சவ்வூடு பரவல், ஆஸ்மோலாரிட்டி, மில்லிஆஸ்மோல் என்று வரிசையாக வந்து உங்களுக்கே குழப்பமாகிவிட்டது, இதை எப்படி ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது என்று கேட்கிறீர்கள்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. உப்புக்கு வாய் கிடையாது. நான் நர்சிங் மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், பதினெட்டு வயதில் வருகிற பிள்ளைகளும் பெரும்பாலும் "உப்பு இழுக்கும்" என்ற ஒரே படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், அப்புறம் ஒரு கரண்டி உப்பு அதிகம் இழுக்குமா ஒரு கரண்டி சர்க்கரை அதிகம் இழுக்குமா என்று கேட்டால் நின்றுவிடுகிறார்கள். ஏழு வயதில் படம் சரியாக விழுந்துவிட்டால் பின்னால் எதையும் அழித்து எழுத வேண்டியதில்லை. என் அக்கா மகனுக்கு ஆறு வயதில் நான் சொன்ன வழியையே இங்கே எழுதுகிறேன். அவனுக்கு இது மாவடு ஜாடியில் ஆரம்பித்தது. சித்திரையில் அக்கா வடுவில் விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு போட்டுக் குலுக்கி வைத்திருந்தாள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. நாலு நாளில் வடு எல்லாம் பாட்டி கன்னம் மாதிரி சுருங்கி, ஜாடியில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. அவனும் இதையேதான் கேட்டான், யார் ஊற்றினது என்று.

முதலில் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை என்பதை அவளுக்குக் காட்டிவிடுங்கள். வெள்ளரிக்காயின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். அது வாளியில் இருப்பது போல ஒன்றாகக் கிடக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பைகளில் அடைத்து வைத்திருக்கிறது. செல் என்ற சொல்லை இப்போதே சொல்லலாம், பிள்ளைகளுக்குப் புதுச் சொல் பயமில்லை, நமக்குத்தான் பயம். ஒவ்வொரு பையைச் சுற்றியும் மெல்லிய தோல் இருக்கிறது, அதுதான் சவ்வு. அந்தத் தோலில் தண்ணீருக்கென்றே தனிக் கதவு உண்டு, தண்ணீர் ஒவ்வொன்றாக வரிசையில் நுழைந்து போகும், உப்பு போக முடியாது. இது கதைக்காகச் சொல்வதல்ல. அக்குவாபோரின் என்ற அந்தக் கதவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் அக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, கதவு இருக்கிறது. தண்ணீர் ஏன் வெளியே போகிறது? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் தடுமாறுகின்றன. தண்ணீர் எதையும் தேடிப் போவதில்லை. அது சும்மா இருக்காமல் எல்லாப் பக்கமும் முட்டி மோதிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். கதவு வழியாக எந்நேரமும் உள்ளேயிருந்து வெளியேயும் வெளியேயிருந்து உள்ளேயும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகப் போய்வந்தால் நமக்கு எதுவும் தெரியாது. ஒரு பக்கத்துப் போக்கு குறைந்துவிட்டால்தான் தெரியும்.

இதைக் குழந்தைகளை வைத்து விளையாடிக் காட்டலாம். மொட்டை மாடியில் சாக்பீஸால் நடுவில் கோடு போட்டு, ஓர் இடத்தில் மட்டும் வாசல் விடுங்கள். இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள், அந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள், எல்லோரும் தண்ணீர். கால் போன போக்கில் நடக்க வேண்டும், வாசல் வந்தால் தாண்டிவிடலாம். இப்போது ஒரு பக்கம் மட்டும் நாலு பெரியவர்களைத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றி வரச் சொல்லுங்கள், அவர்கள்தான் உப்பு, வாசலைத் தாண்ட அனுமதி இல்லை. பெரியவர்கள் இருக்கும் பக்கத்துப் பிள்ளைகள் அவர்கள்மேல் மோதித் திரும்பிக்கொண்டே இருப்பார்கள், வாசலுக்கு வந்து சேர்வது குறையும். மறுபக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தடையே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பெரியவர்கள் இருக்கும் பக்கத்தில்தான் பிள்ளைகள் அதிகம் சேர்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் இழுக்கவில்லை. இந்த விளையாட்டு முழு உண்மை இல்லை, வளர்ந்தபின் வெப்ப இயக்கவியல் படிக்கும்போது இதைவிட நுட்பமான காரணம் வரும், ஆனால் எந்தப் பக்கம் போகும் என்பதும் எதை எண்ண வேண்டும் என்பதும் அப்போதும் மாறாது.

அவளுக்கான ஒரு வரி இதுதான்: தண்ணீர், கரைந்த கூட்டம் அதிகமாக இருக்கும் பக்கமாகப் போய்ச் சேரும். வெள்ளரிக்காய்க்கு வெளியே உப்புக் கூட்டம், அதனால் உள்ளே இருந்த தண்ணீர் வெளியே வந்துவிட்டது. இதற்குத்தான் சவ்வூடு பரவல் என்று பெயர்.

ஆஸ்மோலாரிட்டி என்பது அந்தக் கூட்டத்தின் தலைக்கணக்கு, வேறொன்றுமில்லை. ஒரு லிட்டரில் கரைந்து கிடக்கும் தலைகள் எத்தனை. கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள், தெரியும்தானே, மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் தலைக்கட்டுக்கு ஒரே தொகைதான் கொடுக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான் பார்க்கிறது. தலை பெரியதா சின்னதா, உப்பா சர்க்கரையா என்பது அதற்கு முக்கியமில்லை, எத்தனை என்பதுதான் கணக்கு.

இது எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று உங்களுக்குச் சொல்கிறேன், பிள்ளைக்கு வேண்டாம். சர்க்கரை மூலக்கூறு ஒன்று, உப்பின் ஓர் அலகைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு கனம், கணக்காகச் சொன்னால் 342க்கு 58.5. ஆக ஒரே எடை எடுத்தால் உப்பில் ஆறு மடங்கு எண்ணிக்கை. அதோடு முடியவில்லை, உப்பு தண்ணீரில் விழுந்ததும் சோடியம் வேறு குளோரைடு வேறாகப் பிரிந்துவிடும், ஒரு தலை இரண்டு தலையாகும். சர்க்கரை பிரியாது. மொத்தத்தில் ஒரு கிராம் உப்பு ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரைக்குச் சமமான தலைகளைக் கொடுக்கும். ஊறுகாய்க்குக் கைப்பிடி உப்பு போதும், ஜாம் கெடாமல் இருக்கப் பாதிக்கு மேல் சர்க்கரை கொட்ட வேண்டியிருக்கிறது என்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது, ஏனென்றால் இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான், உள்ளே வரும் கிருமியின் தண்ணீர் வெளியே போய்விட வேண்டும்.

இதே கணக்கு ஆஸ்பத்திரியில் பாட்டிலாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. குளுக்கோஸ் பாட்டிலில் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ். 9க்கும் 50க்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும், ஆனால் தலையை எண்ணினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நம் ரத்தத்தின் எண்ணிக்கைக்கும் பக்கத்தில் வரும். அந்த எண்ணிக்கையை மில்லிஆஸ்மோல் என்ற அளவில் சொல்கிறோம். தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினால் எண் எழுத இடம் போதாது, அதனால் வெற்றிலையைக் கவுளியாக எண்ணுவது போல மோல் என்ற பெரிய கட்டாக எண்ணுகிறார்கள், ஒரு கட்டில் 6க்குப் பின்னால் 23 சுழியம் போட்டால் வருகிற அளவு. கரைந்த தலைகளில் அப்படி ஒரு கட்டுதான் ஓர் ஆஸ்மோல், அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிஆஸ்மோல். லிட்டருக்கு ரத்தத்தில் ஏறக்குறைய 290, சலைனில் 308. கடல்நீரில் ஆயிரத்தையும் தாண்டும். வெறும் தண்ணீரில் பூச்சியம், அதனால்தான் அதை நேராக நரம்பில் ஏற்றவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்குள் தண்ணீர் புகுந்து புகுந்து அது வெடித்துவிடும்.

ஒரு நுணுக்கம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவைத் தாண்ட முடியாத தலைகள்தான் தண்ணீரை நகர்த்தும். யூரியா மாதிரி மெல்ல மெல்லச் சவ்வைத் தாண்டி இரண்டு பக்கமும் பரவிவிடுகிற பொருளும் ஆஸ்மோலாரிட்டிக் கணக்கில் வரும், ஆனால் பரவி முடித்தபின் அதனால் தண்ணீர் எந்தப் பக்கமும் கூடுதலாகப் போகாது. விளையாட்டில் பெரியவர்களும் வாசலைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் பிள்ளையே இதைச் சொல்லிவிடும்.

தலைக்கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கஞ்சி. ஆயிரக்கணக்கான குளுக்கோஸைக் கோத்து ஒரே சங்கிலியாக்கினால் அது மாவுச்சத்து, அத்தனையும் சேர்ந்து ஒரே தலை. அரிசி மணிக்குள் அவ்வளவு இனிப்பை உதிரியாக வைத்திருந்தால் தண்ணீர் புகுந்து அந்த செல்லே கிழிந்துபோகும், கட்டிக் கோத்து வைத்ததால் கூட்டம் தெரியவில்லை. நம் கல்லீரலும் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகக் கோத்துத்தான் சேமிக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்த பாட்டிகள் செய்ததும் இதுதான், குடலுக்குள் தலை குறைவாகப் போகிறது, சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளுக்கோஸ் உதிர உதிர அப்போதே உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அதே நேரத்தில் சோடாவோ டப்பா ஜூஸோ கொடுத்தால் கதை தலைகீழ். அதில் இருக்கிற சர்க்கரைத் தலைகள் ரத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். குடலுக்குள் கூட்டம் அதிகமாகிவிட்டதால் உடம்பிலிருக்கும் தண்ணீர் குடலுக்குள் இறங்கும், போக்கு இன்னும் மோசமாகும். பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று அன்பாகக் கொடுப்பதுதான், ஆனால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் முழுக்க முழுக்கத் தலைக்கணக்குதான். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்ற சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து வாயாலேயே குடிக்கக் கொடுத்தார். முகாமில் 30 சதவீதம் வரை போன சாவு, அந்தக் கரைசல் குடித்தவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. குளுக்கோஸ் எதற்கு என்றால், குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு மட்டுமே நுழைகிற ஒரு கதவு இருக்கிறது, காலராவிலும் அது கெடுவதில்லை. அவை இரண்டும் உள்ளே போனால் உள்ளே தலை கூடும், தண்ணீர் தானே பின்னால் போகும். முதலில் இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் 311 மில்லிஆஸ்மோல், 2002இல் அதை 245ஆகக் குறைத்தார்கள், ரத்தத்தைவிடக் குறைவு என்பதால் தண்ணீர் இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

இதிலேயே நடைமுறையில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு தம்ளரில் கலந்து கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், கெட்டியாக இருந்தால் சத்து அதிகம் என்ற எண்ணம். அதே தலைகள் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் நெருக்கியடித்தால் எண்ணிக்கை ஐந்து மடங்காகிவிடும், 245 கொடுக்க வேண்டிய இடத்தில் 1,200க்கு மேல் போகிறது, அது கடல்நீரைவிட அதிகம், மருந்து ஆபத்தாக மாறிவிடும். 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலமும் கிடைக்கிறது, எது எதற்கு என்று பொட்டலத்தில் பார்த்துக் கலக்குங்கள்.

கடல் என்றதும் அவள் கட்டாயம் கேட்பாள், கடலில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, ஏன் குடிக்கக்கூடாது என்று. லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நம் ரத்தத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கூட்டம். அந்த உப்பை வெளியே தள்ளக் குடித்ததைவிட அதிகமாக சிறுநீர் போக வேண்டியிருக்கும், குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். அப்படியானால் மீன் எப்படி இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும், அது வந்தால் சந்தோஷப்படுங்கள். வஞ்சிரம், சங்கரா மாதிரிக் கடல் மீன்கள் தண்ணீருக்குள்ளேயே இருந்தும் வற்றிக்கொண்டே இருக்கின்றன, அதனால் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருந்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகின்றன. குளத்துக் கெண்டைக்கு நேர் எதிர், அதன் ரத்தத்தில்தான் கூட்டம் அதிகம், தண்ணீர் கேட்காமலே செவுள் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும், அதனால் அது தண்ணீர் குடிப்பதே கிடையாது என்று சொல்லலாம், நாள் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். என் மருமகன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான், அதன்பிறகு மறக்கவே இல்லை. கொடுவா இரண்டு தண்ணீரிலும் வாழும், இடம் மாறினால் வேலையையும் மாற்றிக்கொள்ளும்.

கையால் செய்து பார்க்க உருளைக்கிழங்கு போதும். ஒரே அளவில் விரல் நீளத்துக்கு நாலு துண்டு வெட்டி, இரண்டை வெறும் தண்ணீரிலும் இரண்டை இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த தம்ளரிலும் போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக, ஒடித்தால் சடக்கென்று முறியும். உப்பில் கிடந்தது ரப்பர் மாதிரி வளையும். அவள் விரலாலேயே வளைத்துப் பார்க்கட்டும், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவாள். பொறுமை இருந்தால் முட்டையிலும் செய்யலாம்: பச்சை முட்டையை இரண்டு நாள் வினிகரில் வைத்தால் ஓடு நுரைத்துக் கரைந்து, தோல் மட்டும் மிஞ்சும். அதை ஒரு ராத்திரி தண்ணீரில் வைத்தால் உப்பிப் பெரிதாகும், கெட்டிச் சர்க்கரைப் பாகில் வைத்தால் தொளதொளத்துப்போகும். பச்சை முட்டை என்பதால் பிறகு கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். வீட்டில் எடை மிஷின் இருந்தால் முன்னும் பின்னும் நிறுத்து எழுதி வைக்கலாம்.

எதை உதாரணமாகச் சொல்லக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெகுநேரம் குளித்தால் விரல் நுனி சுருங்குவதை இதற்குக் காட்டுவார்கள், அது இந்தக் காரணத்தால் இல்லை. விரலின் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்தச் சுருக்கம் வருவதில்லை, நரம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வருவது அது. கொண்டைக்கடலை ஊறுவதும் ஆரம்பத்தில் வேறு வேலை, காய்ந்த மாவும் புரதமும் தண்ணீரை ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பாஞ்சு உறிஞ்சுவதும் வேறு. இவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டால் மறுபடியும் "உறிஞ்சுகிறது" என்ற படத்துக்கே போய் நிற்போம்.

வீட்டில் ஆர்.ஓ. மிஷின் இருந்தால் அதையும் காட்டுங்கள். தண்ணீரை அதன் போக்கில் விட்டால் கூட்டம் இருக்கும் பக்கம் போகும், அந்த மோட்டார் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது, கூட்டத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் வரவைக்கிறது. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுப்பது இப்படித்தான். கடல்நீரை எதிர்த்துத் தள்ளுவது லேசான வேலை இல்லை, அந்தக் கூட்டத்தின் கணக்கைச் சமன் செய்யவே ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தம் வேண்டும், அதையும் தாண்டித் தள்ளினால்தான் இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் வரும்.

எல்லாம் கேட்டுவிட்டு என் மருமகன் கடைசியாக ஒன்று கேட்டான். "மாமா, அப்போ சுருங்கின வடுவை நல்ல தண்ணியில போட்டா மறுபடியும் பழைய மாங்காய் ஆயிடுமா?" போட்டுப் பார்த்தோம். மறுநாள் கொஞ்சம் உப்பியிருந்தது, சுருக்கம் சிலது தெளிந்திருந்தது, ஆனால் கடித்தால் அந்த மொறுமொறுப்பு இல்லை, தம்ளர் தண்ணீரை நக்கிப் பார்த்தால் உப்புக் கரித்தது. இத்தனை நாள் உப்பில் கிடந்ததில் அந்தக் குட்டிப் பைகளின் தோல் செத்துக் கிழிந்துபோயிருந்தது, கதவு இல்லாத வீட்டில் தண்ணீரும் உப்பும் இஷ்டத்துக்குப் போய்வருகின்றன. அவன் கொஞ்ச நேரம் அந்த வடுவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல் நாளே எடுத்துப் போட்டிருந்தா?" என்று கேட்டான். அடுத்த சித்திரையில் அக்காவுக்குத் தெரியாமல் ஜாடியிலிருந்து இரண்டு வடுவை முதல் நாளே எடுத்து வைப்பதாக இருக்கிறோம்.